காலைப் பால் ஒரு டம்ளர்

மார்ச் 3, திங்கள்

செவலை இன்றும் குறைவாகத்தான் கறந்தாள். மார்ச் பிறந்ததுமே வேலந்தாவளத்தில் வெயில் ஏறிவிட்டது. மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மத்தியானம் கட்டுத்தறியில் தண்ணீர் தெளித்து மாடுகளைக் குளிப்பாட்டச் சொன்னேன். இவர் "ஆகட்டும்" என்றார். இவர் ஆகட்டும் என்றால் நான்தான் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

பால் சொசைட்டியில் இந்த வருஷத்து டைரியை இப்போதுதான் கொடுத்தார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் வெறும் தாளாகக் கிடக்கின்றன. கிடக்கட்டும். பத்தாவது வரை படித்ததற்கு எனக்கு மிச்சமானது இந்த எழுதுகிற பழக்கம் ஒன்றுதான்.

எழுத வேண்டிய விஷயம் மோனிஷா. தை மாதம் கல்யாணம் முடிந்து மருமகளாக வந்தாள். தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண். கஞ்சிக்கோட்டில் என் மகன் சதீஷ் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். பையன் ஆசைப்பட்டான், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. வேலை சுத்தம், வாய் குறைவு, பெரியவர்களிடம் மரியாதை. ஒரே ஒரு குறை. பால் குடிக்க மாட்டேன் என்கிறாள்.

வந்த அன்றே சொன்னாள். "அத்தை, எனக்குப் பால் ஒத்துக்காது." நான் சிரித்துவிட்டேன். சோறு ஒத்துக்காது, தண்ணீர் ஒத்துக்காது என்று யாராவது சொல்வார்களா? அதுவும் நாலு மாடு கட்டியிருக்கிற வீட்டில் வந்து! மலையில் பாலைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்திருப்பாள், பழகினால் சரியாகும் என்று நினைத்தேன். அதனால் காலையில் கறந்ததும் காய்ச்சி, பெரிய டம்ளர் நிறைய ஊற்றி, அவள் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கிறேன். குடித்து முடித்துக் காலி டம்ளரை வாங்கிய பிறகுதான் நகர்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒருவரும் அப்படிக் கொடுக்கவில்லை. அப்போது ஒரே மாடு. பால் முழுக்க சொசைட்டிக்கு, மிஞ்சினால் ஆண்களுக்கு. எனக்கு மோரும் வரக்காப்பியும். அதுவே பழகி இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது. என் மருமகளுக்காவது அந்தக் குறை இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அது அவளுக்குப் புரியவில்லை. போகப் போகப் புரியும்.

மார்ச் 9, ஞாயிறு

போன் வந்ததென்று நான் வாசலுக்குப் போன நேரம் பார்த்து, மோனிஷா பாலைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டியின் வட்டிலில் ஊற்றியிருக்கிறாள். திரும்பி வந்தால் கன்று நக்கிக்கொண்டிருக்கிறது. அவள் திருதிருவென்று நிற்கிறாள்.

நான் சத்தம் போடவில்லை. "இனி அடுப்படியிலயே நின்னு குடிச்சிட்டுப் போ அம்முணி" என்று மட்டும் சொன்னேன். ஆனால் மனசுக்குள் சுருக்கென்றது. எத்தனை ஆசையாகக் கொடுக்கிறேன்!

மார்ச் 16, ஞாயிறு

நல்ல விஷயம் ஒன்று எழுதப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வாரம் முழுக்க மோனிஷாவுக்குக் காலையில் குமட்டல். பால் குடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் முகம் வெளுத்துப்போகிறது, வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடுகிறாள். வயிறு வேறு லேசாக மேடிட்டிருக்கிறது. சுடிதார் இறுக்கிப் பிடிக்கிறது என்று நேற்று நாடாவைத் தளர்த்திக் கட்டினாள். நான் ஒரு பிள்ளை பெற்றவள். நாலு மாட்டுக்குச் சினை பார்க்கிறவள். எனக்குத் தெரியாதா?

"விசேஷமா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டேன். "இல்லத்தை, வயித்துல காத்துதான் அடைச்சிருக்கு" என்றாள். எந்தப் பெண் முதல் கேள்விக்கே ஒப்புக்கொள்வாள்? வெட்கம்.

மார்ச் 18, செவ்வாய்

வாயைக் கட்ட முடியவில்லை. சொசைட்டி வரிசையில் நிற்கும்போது பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாளிடம் சொல்லிவிட்டேன். "யாருகிட்டயும் சொல்லிராத" என்றும் சொன்னேன். அதனால்தானோ என்னவோ, சாயங்காலக் கறவைப் பாலைக் கொண்டுபோனால் சொசைட்டிச் செக்ரட்டரியே "ஏனுங்க, இனிமே உங்க பால் கொறையுமுங்களே, மருமக குடிக்கோணுமல்ல" என்று சிரிக்கிறார்.

குறையட்டும். இன்றிலிருந்து ராத்திரியும் ஒரு டம்ளர். இவர் கோயமுத்தூர் போனபோது குங்குமப்பூ வாங்கி வந்தார். கேட்காமலே வாங்கி வந்தார்! இந்த மனிதர் எனக்கு மல்லிகைப்பூ வாங்கக்கூட ஒருநாளும் கடைப்படி ஏறியதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சதீஷ் கோபமாக இருக்கிறான். "யாரும்மா சொன்னது? நாங்களே சொல்லாததை நீ எப்படி ஊரெல்லாம் சொல்லுவே?" என்றான். மருந்துக் கடையில் அட்டை வாங்கிப் பரிசோதித்தார்களாம், ஒரு கோடுதான் வந்ததாம். ஒரு கோடு என்றால் இல்லை என்று அர்த்தமாம்.

அட்டைக்கு என்ன தெரியும்? முன்கூட்டியே பார்த்தால் காட்டாது என்று சுப்பாத்தாள் சொல்கிறாள்.

மோனிஷாவின் அம்மா சுருளியம்மாளும் போன் பண்ணினாள். "என்னங்க மதினி, இங்க ஒண்ணும் சொல்லலையே எங்க புள்ள?" என்று பாவம், சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் பேசினாள். "சொல்லுவா, சொல்லுவா" என்றேன்.

மார்ச் 27, வியாழன்

மோனிஷா இளைத்துப்போகிறாள். வயிறு மட்டும் உப்புகிறது. பாலைக் கூட்ட வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மோனிஷாவுக்கு இன்று மாதவிலக்கு. அவளாகவே வந்து சொன்னாள், "அத்தை, நான் சொன்னேன்ல, ஒண்ணும் இல்லைன்னு" என்று.

ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. குங்குமப்பூ வாங்கியாகிவிட்டது. காலையில் சொசைட்டியில் சுப்பாத்தாளிடம் மெதுவாகச் சொல்லிக் கேட்டபோது அவள் குரலைத் தாழ்த்தி, "வேலைக்குப் போற புள்ளைங்க இப்ப வேண்டாம்னு மாத்திரை போட்டுக்குதுங்களாமா, எதுக்கும் கேட்டுப் பாருங்க்கா" என்றாள். அது மண்டைக்குள் புழுவாகக் குடைந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன்.

"என்ன பண்ணினே? மாத்திரை கீத்திரை போட்டியா?"

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சதீஷ்தான் கத்தினான். இவர் டீவியை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் என்னத்தக் கேட்டுட்டேன் அப்படி? ஒரு மாமியா கேக்கக் கூடாததா? கேக்கக் கூடாதுதான். ஆனா வயித்துல ஒண்ணுமே இல்லாம எதுக்கு ஒருத்தி தெனம் வாந்தி எடுக்கறா? வயிறு எதுக்கு மேடு தட்டுது? அதையாவது யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.

ஏப்ரல் 2, புதன்

போய்விட்டாள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, சதீஷ் அவளைப் பொள்ளாச்சியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். வந்தவன் தன் துணிகளையும் எடுத்துக்கொண்டு கஞ்சிக்கோட்டில் நண்பன் அறைக்குப் போய்விட்டான்.

கிளம்பும்போது மோனிஷா என் முன்னால் வந்து நின்று சொன்னாள்: "மொத நாளே சொன்னேன் அத்தை. நீங்க கேக்கல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எதைச் சொன்னாள் முதல் நாள்? பால் ஒத்துக்காது என்றாள். அதற்கும் இதற்கும் என்ன?

ஏப்ரல் 6, ஞாயிறு

சொசைட்டியில் ஒருத்தி, "கலைஞ்சிருச்சாமா? பாவம்" என்றாள். இன்னொருத்தி "கலைச்சதா, கலைஞ்சதா?" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள். நான் பால் போசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கே தெரியாததை என்னவென்று சொல்வது?

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டுத்தறியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

சதீஷ் வந்தான். சாப்பிட மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினான்.

மோனிஷாவை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காட்டினார்களாம். என்ன சாப்பிட்டாய், எப்போது வலிக்கிறது என்று டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, பாலை நிறுத்து என்று சொன்னாராம். வீட்டுக்குப் போன நாளிலிருந்து குமட்டலும் இல்லை, வயிற்று உப்பலும் இல்லையாம். பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறதாம், அதைச் செரிக்க வைக்கும் சத்து அவள் குடலில் போதவில்லையாம். செரிக்காத சர்க்கரை குடலில் கிடந்து புளித்துக் காற்றாகிறதாம். வயிறு மேடு தட்டியது அதனால்தானாம்.

"தெனம் காலைல நீ குடுத்துட்டு நின்னு பார்ப்பே. அவ குடிச்சிட்டு என் பைக்ல ஏறுவா. பாதி வழில பெட்ரோல் பங்கைப் பார்த்தா நிறுத்தச் சொல்லுவா, பாத்ரூம் ஓடுவா. தெனமும்மா. கம்பெனில அடிக்கடி எந்திரிச்சுப் போறான்னு சூப்பர்வைசர் ஏசுனாரு. உங்கிட்ட சொல்லாதேன்னு அவதான் எனக்கு சத்தியம் வாங்கியிருந்தா. அத்தை ஆசையாக் குடுக்கறாங்கன்னு சொன்னா."

இதைக் கேட்டு எனக்கு வாய் அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. "பால்லயாடா வியாதி வரும்? பொறந்த கொழந்தையே பால்தானடா குடிக்குது! நாளைக்கு ஒரு சொம்புப் பாலை நானே குடிச்சுக் காட்டறேன், எனக்கு என்ன ஆவுதுன்னு பாரு" என்றேன்.

"குடி" என்றான். போய்விட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

குடித்தேன்.

மறைக்காமல் எழுதுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள்! செவலை கறந்ததும் காய்ச்சி, ஆற்றி, சர்க்கரை போட்டு, ஒரு சொம்பு. இவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்தேன். ருசியாகத்தான் இருந்தது. என் மாட்டுப் பாலை நான் இப்படி முழுசாகக் குடிப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் ஊற்றுகிறேன், நான் ஒருநாளும் குடித்ததில்லை. காப்பிக்குக்கூட ஒரு கரண்டி விட்டதில்லை.

மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது வயிற்றுக்குள் கடமுடவென்று உருண்டது. காலி வண்டி கல்லில் ஓடுகிற மாதிரி சத்தம். அப்புறம் வயிறு பம்மென்று உப்பி, சேலைக் கொசுவத்தைத் தளர்த்தினேன். அப்புறம் ஓட்டம். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும். சொசைட்டிக்குப் பாலை இவர்தான் எடுத்துப்போனார். திரும்பி வந்து, திண்டாடிக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்து, "ஏபுள்ள, விசேஷமா?" என்றார்.

கையில் கிடைத்த துடைப்பத்தை வீசினேன். படவில்லை.

நேற்று ராத்திரி கொள்ளுப் பருப்பு சாப்பிட்டேன். அதுவாக இருக்கும்.

ஏப்ரல் 12, சனி

கொள்ளு இல்லை. நேற்று பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு, இன்று பால் மட்டும் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். அதே கதை.

அப்படியானால் அவள் இதைத் தினம் அனுபவித்துவிட்டு, பைக்கில் ஏறி, வேலைக்கும் போய்வந்திருக்கிறாள். ராத்திரி டம்ளரை வேறு சேர்த்தேன் நான். இளைத்துப்போகிறாள் என்று கூட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விஷுக்கணி வைத்தேன். பாயசம் வைக்கவில்லை. சதீஷ் போனில் வாழ்த்துச் சொன்னான், வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கொழிஞ்சாம்பாறையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மலையாளத்துக்காரி, சின்ன வயசு, ஆனால் பொறுமையாகக் கேட்டாள். எனக்கு என்று சொல்லித்தான் போனேன். பேச்சுவாக்கில் மருமகள் கதை முழுக்க வெளியே வந்துவிட்டது.

"இது அசுகம் ஒன்னும் அல்லா அம்மே" என்றாள். வியாதியே இல்லையாம். பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பேராம். அதை உடைத்துச் செரிக்க வைப்பது லாக்டேஸ். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அது குடலில் நிறையச் சுரக்குமாம். பால் மறந்து சோறு தின்ன ஆரம்பித்த பிறகு, பெரும்பாலானவர்களுக்கு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருமாம். சிலருக்கு மட்டும் குறையாமல் நிற்கும், அது பிறப்பிலேயே அமைவது. குறைகிறவர்கள்தான் அதிகம் பேராம். பலருக்குத் தெரிவதே இல்லையாம், கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பதால். தயிர், மோர் பரவாயில்லையாம். புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறதாம்.

"பழகினா சரியாவாதுங்களா?" என்று கேட்டேன்.

"கொறச்சுக் கொறச்சுக் குடிச்சா சிலர்க்கு வயிறு தாங்கும். தெனம் ரெண்டு பெரிய டம்ளர் குடுத்துப் பழக்கறது பழக்கம் இல்ல, சிட்சை" என்றாள். சிட்சை என்றால் மலையாளத்தில் தண்டனை.

திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு இதுதான் ஓடியது: கன்று புல்லைக் கடிக்க ஆரம்பித்ததும் பாலைக் குறைத்துவிடுகிறோம். வளர்ந்த கன்றுக்குப் பாலைக் கூடுதலாகக் காட்டினால் கழிச்சல் வரும், சாணியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். மாட்டு விஷயத்தில் தெரிந்தது மனுஷி விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. அதற்கும் மேலே, அவள் வாயைத் திறந்து சொன்னதை நம்பவில்லை. மாடு சொல்லாது. இவள் சொன்னாள்.

மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போய்ப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

"நீ வாடா சாமி, சேர்ந்து போலாம்" என்று சதீஷைக் கூப்பிட்டேன். "நீ போய்ப் பேசும்மா. நான் வந்தா எனக்காகத்தான் பேசறேன்னு அவ நெனைப்பா" என்றான். பிள்ளைக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? இவரிடமிருந்து இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்றுப் போய், அங்கேயே தங்கி, இன்று இருட்டும் நேரத்துக்குத் திரும்பினேன். மாடுகளை இவர் பார்த்துக்கொண்டார். செவலை இவரை உதைக்கக் காலைத் தூக்கியிருக்கிறாள்.

பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மறையூர் வழியாக மூணாறு. வளைவுகளில் என் குடல் மறுபடியும் இடம் மாறியது. தேவிகுளத்தில் மோனிஷாவின் அப்பா பிச்சைமணி குல்லாய் போட்டுக்கொண்டு காத்து நின்றார். பையை வாங்கிக்கொண்டு, "பாத்து வாங்கம்மா, பாதை வழுக்கும்" என்று முன்னால் நடந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய குத்தாக இருந்தது.

எஸ்டேட் லயத்தில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். பால் வீட்டுச் சம்பந்தி வருகிறாள் என்று நாலைந்து பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். அன்றைக்கு ஈஸ்டர் என்பதால் அடுத்த வீட்டு அன்னாள் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்துகொண்டாள். மோனிஷா "வாங்க அத்தை" என்றாள். பிறகு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள். முகம் தெளிந்திருக்கிறது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

சுருளியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். எல்லோர் கையிலும் பால் விடாத கட்டன் சாயா. என் முன்னால் மட்டும் பெரிய சில்வர் டம்ளர் நிறையப் பால். சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, மேலே ஆடை மிதக்கிறது.

"நீங்க பால் வீட்டுக்காரக. எங்க கட்டன் உங்களுக்கு எறங்குமா மதினி? அதான் பஜாருக்கு ஆள் விட்டு வாங்கியாரச் சொன்னேன்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நிலைப்படியில் நிற்கிறவளும் பார்க்கிறாள்.

குடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது. குடித்தால் நல்ல பேர். அதற்கப்புறம் குளிரில் ராத்திரி முழுக்க வெளிக் கக்கூஸுக்கு ஓட வேண்டியதுதான், ஆனால் அது யாருக்கும் தெரியாது. இப்படித்தான் அவளும் ஒவ்வொரு காலையும் டம்ளரைக் கையில் வாங்கி யோசித்திருப்பாள் என்று தோன்றியதும் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"எனக்குப் பால் ஒத்துக்காதுங்க சம்பந்தியம்மா. நீங்க குடிக்கற கட்டனே குடுங்க" என்றேன்.

சுருளியம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. "பாக்கெட் பாலுன்னா மதினி? இல்ல, எங்க வீட்டுலன்னு..." தன் வீட்டுப் பால் என்பதால் வேண்டாம் என்கிறேனோ என்று அவளுக்கு. ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்றால் முகம் எப்படிப் போகும் என்று எனக்கா தெரியாது!

பிறகு வேறு வழியில்லை. சொம்புப் பால் குடித்ததிலிருந்து, வயிறு உருண்டது, கொசுவத்தைத் தளர்த்தியது, ஓடியது, இவர் விசேஷமா என்று கேட்டது, துடைப்பம் வீசியது வரை எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். முதலில் அன்னாள்தான் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். சுருளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சேராது மதினி. அதுக்காகவே நாங்க பாலே வாங்கறதில்ல. ஆனா உங்க வீட்டுல வந்து எப்படிச் சொல்லுறது? வீம்புன்னு நெனைப்பீகளே" என்றாள்.

"அவ சொன்னா. நாந்தான் கேக்கல" என்றேன். "கேக்காதது போக, அபாண்டமா வேற பேசிட்டேன். அது தப்புங்க."

நிலைப்படியில் யாரும் இல்லை. மோனிஷா உள்ளே போயிருந்தாள்.

காலையில் குழாயடியில் பாத்திரம் விளக்கும்போது அவளாகவே பேசினாள். "இங்க சொல்லிட்டீங்க அத்தை. இங்க யாரும் என்னைத் தப்பாப் பேசல. அங்கதான பேசினாங்க. நான் புள்ளையக் கலைச்சவன்னு நினைச்சிட்டு இருக்காங்க. நான் எந்த முகத்தோட அந்த ரோட்டுல நடப்பேன்?"

நியாயம். ஒரு வார்த்தை தப்பில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சொசைட்டியில் இன்று சொல்லவில்லை. வரிசையில் ஆள் குறைவு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 23, புதன்

இன்றும் இல்லை. இன்று ஆள் அதிகம்.

பால் ஊற்றிப் பிழைக்கிறவள் பால் சொசைட்டியில் நின்று பால் ஒத்துக்காது என்பதா? இதுவரை நான் மட்டும் யாருக்காவது தலை குனிந்திருக்கிறேனா? அந்தப் பெண் எதற்குக் குனிய வேண்டும், அப்படியானால்?

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சுப்பாத்தாள்தான் ஆரம்பித்தாள். "மருமகளுக்கு உடம்பு தேறிருச்சுங்களா? வந்துருவாங்களா?" என்றாள். குரலில் இருந்த பரிதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. பால் அளக்கிற இடத்திலேயே போசியை இறக்கி வைத்தேன்.

"எல்லாருங் கேட்டுக்கங்க. எம் மருமக வயித்துல கொழந்தையும் இல்ல, கலையவும் இல்ல, கலைக்கவும் இல்ல. நாந்தான் இருக்குன்னு சொன்னேன். அவளுக்குப் பால் செரிக்காது. செரிக்காத பாலைத் தெனம் குடுத்து வயித்தை உப்ப வெச்சதும் நானு, அதைப் பார்த்துட்டு ஊருக்குச் சொன்னதும் நானு. எனக்கும் செரிக்காது. குடிச்சுப் பார்த்துட்டேன்."

பால் அளக்கிறவர் கை அப்படியே நின்றுவிட்டது. செக்ரட்டரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, இதைச் சொல்ல வேற எடம் கெடைக்கலையா? நம்ம யாவாரமே படுத்துருமுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். கலைச்சதா கலைஞ்சதா என்று கேட்டவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பாலை ஊற்றி, சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோபமா வெட்கமா தெரியவில்லை.

சுப்பாத்தாள் பின்னாலேயே வந்தாள். வாய்க்கால் மேட்டில் ஆள் இல்லாத இடம் பார்த்து, "எனக்கும் அப்படித்தானுங்க்கா" என்றாள்.

"என்ன அப்படித்தான்?"

"பால் குடிச்சா வயிறு ஊதிக்கும். கண்ணாலமாகி வந்தப்ப நம்ம ஊட்டுல ரெண்டு நாள் குடுத்தாங்க. அப்பறம் வேண்டாம்னு சொல்லப் பயந்துட்டு, பாலெல்லாம் வித்துரலாமுங்க அத்தைன்னு சொல்லித் தப்பிச்சுட்டேன். எங்க மாமியாவுக்கு அதுல ஒரே பெருமை, மருமக சிக்கனம்னு."

"அப்பறம் ஏன்டி எங்கிட்ட மாத்திரைன்னு சொன்னே?"

"நீங்க வந்து கேட்டீங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்." காலிப் போசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பால்னு எனக்குத் தோணவே இல்லீங்க்கா. எனக்கே அப்படி இருந்துங்கூட."

அவளைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எனக்கு மட்டும் தோன்றியதா?

ஏப்ரல் 25, வெள்ளி

நான் மோனிஷாவுக்குப் போன் பண்ணவில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் சுப்பாத்தாள் சதீஷிடம் நம்பர் வாங்கி நேற்றே பேசியிருக்கிறாள். நான் சொன்னதை, நான் சொல்லாததையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். அந்த வாயால் இந்தத் தடவையாவது நல்லது நடந்தது.

ராத்திரி சதீஷ் பேசினான். "ஞாயித்துக்கெழமை நான் போய்க் கூட்டிட்டு வரேன்மா" என்றான். "சாப்பாடு வெச்சிரு."

ஏப்ரல் 27, ஞாயிறு

வந்துவிட்டார்கள். நல்ல களைப்பு இரண்டு பேருக்கும். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், மோர். மோனிஷா என்னிடம் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட்ட தட்டை எடுத்துவைத்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். இப்படித்தான் இருக்கும் கொஞ்ச நாளைக்கு. எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் அம்மா ஒரு பை நிறையத் தேயிலைத் தூள் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் கறந்து முடித்து, சொசைட்டிப் பாலை இவரிடம் கொடுத்தனுப்பினேன். மோனிஷா வேலைக்குக் கிளம்பி அடுப்படிக்கு வந்தாள். கட்டன் போட்டு வைத்திருந்தேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வழக்கப்படி அங்கேயே நின்றேன். பிறகு எதற்கு நிற்கிறோம் என்று அடுப்பைத் துடைக்கத் திரும்பினேன்.

"அத்தை" என்றாள்.

"என்ன அம்முணி?"

"தூள் ரொம்பக் கூடிப்போச்சு. கசக்குது."

என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கசக்கவில்லை.

"சரி, நாளைக்குக் கொறச்சுப் போடறேன்" என்றேன்.